பூவரசங் கட்டை

அத்தியாயம் 17

அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டால் செந்தூர்பாண்டிக்குத் தன்னாலே ஒரு மிதப்பு வந்துவிடும். இன்றைக்கு அது இரண்டு மடங்கு. மடியில் உரச்சாக்கு ஒன்றைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான்.

"என்னவே அது, சேவலா? சேவலுக்கும் டிக்கெட் உண்டு தெரியும்லா?" என்றார் கண்டக்டர்.

"கட்டைவே. வெறுங்கட்டை."

"வெறுங்கட்டைக்கா இந்தப் பவுசு!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கிச்செல்வி சிரிக்கவில்லை. பத்திரம் எழுதும் ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தம்பியோடு கிளம்பியிருந்தாள். அவளுக்கு அந்தச் சாக்கில் இருந்ததைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சாக்கில் இருந்தது ஒரு துப்பாக்கியின் மரப்பாகம். தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுவோமே, அந்தக் கட்டை. கைப்பிடிக்கிற இடத்தில் இரண்டாக முறிந்தது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய நெல் அளக்கும் மரக்காலுக்குப் பின்னால் அகப்பட்டது.

அவர்கள் அப்பா கருத்தையா காலமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் தாஜ் முகம்மது பாயின் கடையில் ஒப்படைப்பில் கிடக்கிறது. வாரிசு என்கிற முறையில் செந்தூர்பாண்டி பெயருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. மலையடிவாரத்து வயலில் காட்டுப்பன்றி இறங்கி அட்டகாசம் பண்ணுகிறது, துப்பாக்கி வேண்டும்தான். ஆனால் அவனுக்கு வேறொரு ஆசையும் இருந்தது. எஸ்டேட் ஏலத்தில் எடுத்த அசல் இங்கிலீஷ் துப்பாக்கி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாரே, அந்த அசலைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அடுத்த மாதம் அப்பாவின் தலைத் திவசம். பந்தல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குள் துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

ஒற்றைக்காலில் என்று சொன்னது வாய் தவறி வந்துவிட்டது. அவன் இடது காலை இழுத்துத்தான் நடப்பான். அதற்குக் காரணமும் அதே துப்பாக்கிதான்.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஐப்பசி, அடைமழை. அம்மாவின் தம்பி தாணுமாலையனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அத்தான் கருத்தையாவுக்குப் பதில் அவர்தான் ராத்திரி வயல் காவலுக்குப் போய்விட்டு விடிந்ததும் வந்தார். துப்பாக்கியைத் தொழுவத்துச் சுவரில் சாய்த்துவைத்தார். அது சறுக்கி விழுந்தது, விழுந்த வேகத்தில் வெடித்தது. வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்த பதினோரு வயது செந்தூர்பாண்டிக்கு இடது பாதத்தில் இரண்டு விரல் போயிற்று. கணுக்கால் அதன்பிறகு மடங்கவேயில்லை.

"நான் விசையைத் தொடவே இல்லக்கா. சாச்சுதான் வச்சேன்" என்று மாமா அழுதது பதினாறு வயது இசக்கிச்செல்வியின் காதில் இன்னும் இருக்கிறது.

"தொடாம எப்படிலே வெடிக்கும்?" என்று அம்மா கத்தியதும் இருக்கிறது. "போயிரு. இனி எனக்குப் பொறந்த வீடே கெடையாது."

லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி இருந்தது தெரிந்தால் மாமா ஜெயிலுக்குப் போயிருப்பார். கருத்தையா போலீசில், "என் கையிலதான் இருந்தது, என் தப்புதான்" என்று எழுதிக் கொடுத்தார். மச்சினனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுஷன் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. மாமா ஆழ்வார்திருநகரிக்குப் போய் அங்கேயே ஒரு பலசரக்குக் கடையில் ஒண்டிக்கொண்டார். இசக்கிச்செல்வி கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் நின்றார்.

போன வருஷம் கருத்தையா இறந்த அன்று மாமா வந்தார். கையில் கோடிச் சேலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடுகிற கோடி அது, உடன்பிறந்தவன்தான் போட வேண்டும். அம்மா இசக்கியம்மா அந்தச் சேலையைத் தொடவில்லை. "எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். முப்பது வருஷத்துக் கோபம் சாவு வீட்டிலும் ஆறவில்லை. பிறந்த வீட்டார் வந்து அழைத்துப் போய் ஒரு நேரம் சோறு போட்டால்தான் துக்கப்பட்டவள் வெளிவாசல் தாண்டலாம் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அழைக்க வேண்டிய ஆளைத் துரத்தியாகிவிட்டது. பதினோரு மாதமாக அம்மா தெருவில் இறங்கவில்லை.

---

தாஜ் முகம்மது பாய்க்கு அறுபது வயதிருக்கும். துப்பாக்கியை எடுத்து, திறந்து, இரண்டு குழலும் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"குழல் அசல். வெடிக்க வைக்கிற பூட்டும் அசல். இப்போ இதுல மாட்டியிருக்க கட்டை அசல் இல்ல, நம்மூருப் பூவரசு. அதை நான் உங்க வாப்பாகிட்டயே சொல்லியிருக்கேன், சிரிச்சுக்கிடுவாரு. நீங்க என்ன கொண்டாந்திருக்கீங்க, காட்டுங்க."

செந்தூர்பாண்டி சாக்கை அவிழ்த்தான். பாய் முறிந்த இரண்டு துண்டையும் விளக்கடியில் வைத்துத் தடவினார். கை தடவும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"யா அல்லா! இதுல்லா மரம். வால்நட்டு. இந்த ரேகையப் பாருங்க. மேல வார்னிஷ் கெடையாது, எண்ணெய் தேச்சுத் தேச்சு ஏத்தின மினுக்கு." கைப்பிடி இடத்தில் வெட்டியிருந்த பொடிக் கட்டங்களைக் காட்டினார். "உள்ளங்கை படுத இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு, மத்த இடம் கூர்மையா இருக்கு. யாரும் உப்புத்தாளு போட்டுக் கெடுக்கல. இரும்பு உக்காருத ஓரம் இம்மி பிசகல."

கட்டையின் உள்பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியைப் பிடித்தார். மரத்தில் குத்தியிருந்த நாலு எண்கள். துப்பாக்கியின் அடிப்பக்க இரும்பிலும் அதே நாலு எண்கள்.

"ஒண்ணாப் பொறந்ததுக. சந்தேகமே வேண்டாம்."

"நான் சொன்னேன்லாக்கா!" என்று செந்தூர்பாண்டி தொடையில் தட்டினான்.

"எப்போ முறிஞ்சதுன்னு சொன்னீங்க?"

"தொண்ணூத்தி நாலு ஐப்பசி. எங்க மாமா கீழ போட்டதுல முறிஞ்சிட்டு, அதான் வேற கட்டை மாட்டினேன்னு அப்பா சொல்லுவாரு."

பாய் முறிந்த வாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பைய வைத்தார்.

"ஒரே அடியில முறிஞ்சா உள்ள மரம் வெளுப்பா இருக்கும் தம்பி. இது பாதி கறுத்துக் கெடக்கு. எண்ணெயும் அழுக்கும் வருஷக்கணக்கா விரிசல்ல இறங்கியிருக்கு. அதுக்கு மேல பசை போட்டு ஒட்டியிருக்காங்க. செப்புக்கம்பி சுத்தின தடமும் இருக்கு. ரொம்ப நாளு சீக்காக் கெடந்துதான் இது செத்திருக்கு."

"சரி பாய், முன்னாலயே விரிசல் இருந்திருக்கும். மாமா போட்டதுல முழுசாப் போயிருக்கும்."

"இருக்கலாம்" என்றார் பாய். நம்பாத மனுஷன் சொல்லுகிற 'இருக்கலாம்' அது.

அவர் பூவரசங் கட்டையைத் துப்பாக்கியிலிருந்து கழற்றினார். தோளில் முட்டுகிற முனையில் இருந்த தகட்டின் இரண்டு திருகையும் எடுத்தார். தகடு வந்தது. அடியில் மரத்தில் பென்சில் எழுத்து. தகடு மூடியிருந்ததால் நேற்று எழுதியதுபோல் இருந்தது.

"ஆசாரிமாரு எழுதி வைக்கிறதுதான். எனக்குத்தான் இந்தக் கணக்குப் புரியாது. என்னம்மா போட்டிருக்கு?"

இசக்கிச்செல்வி குனிந்து படித்தாள். மேலே ஒரு பிள்ளையார் சுழி. அதன்கீழ், 'கொல்லம் 1170 ஆவணி 12. கருத்தையா அவர்களுக்கு.'

பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனசிலேயே கணக்கு ஓடும். ஆவணி என்றால் இங்கிலீஷ் வருஷத்துக்கு எண்ணூற்று இருபத்து நாலு கூட்ட வேண்டும். கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். ஆபீசில் ஒரு தரம் கூட்டினால் போதும் அவளுக்கு.

"என்னக்கா?"

"தொண்ணூத்தி நாலு."

"அதான் நானும் சொன்னேன்."

"ஆவணிலே" என்றாள். "ஒனக்கு வெடி பட்டது ஐப்பசி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே இந்தக் கட்டை துப்பாக்கியில ஏறிட்டு. மாமா கையில இருந்தது இந்தப் பூவரசுதான். மாமா கீழ போட்டு அசல் முறிஞ்சதுன்னு அப்பா சொன்னது பொய்."

பாய் யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுப் பூட்டுத் தகடு உட்காரும் குழிக்குள் விளக்கை அடித்தார். வெகுநேரம் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு மழையா?"

"மூணு நாளா விடாத மழை" என்றாள் இசக்கிச்செல்வி. "மாமா ராத்திரி பூரா அதுல நனைஞ்சுதான் வந்தாரு."

"ஆவணியில காஞ்ச காலத்துல இறுக்கமா வெட்டி மாட்டியிருக்காரு ஆசாரி. நல்ல வேலைதான், ஆனா அவரு வண்டிச்சக்கரம் செய்யுதவரு, துப்பாக்கிக்காரரு இல்ல. உள்ள எண்ணெய் காட்டி அடைக்கல. மழைத்தண்ணி இறங்குனதும் மரம் ஊதியிருக்கு. பூட்டுக்குள்ள ஒரு கொக்கி உண்டு, அதுதான் வெடிக்காமப் பிடிச்சு வைக்கிறது. ஊதின மரம் அதை நெருக்கியிருக்கு. தடம் இந்தா, பளபளன்னு. கொக்கி நுனியிலதான் தொத்திக்கிட்டு நின்னிருக்கும். அப்படி நிக்கும்போது விசையைத் தொடவே வேண்டாம். கீழ விழுந்த ஒரு தட்டு போதும்."

கடைக்கு வெளியே ஆட்டோ ஒன்று ஓயாமல் ஹாரன் அடித்தது. தொடவே இல்லக்கா என்று மாமா சொன்னது நிஜம். முப்பத்தோரு வருஷம் ஒருத்தர்கூட அவரை நம்பவில்லை. நானும் நம்பவில்லையே என்று நினைத்தாள் இசக்கிச்செல்வி.

"ஆசாரி தப்பு" என்றான் செந்தூர்பாண்டி அவசரமாக. "அப்பாவுக்கு என்ன தெரியும்? அவரு என்ன உள்ள போயா பாத்தாரு?"

பாய் விளக்கை அவன் பக்கம் தள்ளினார். "பாத்திருக்காரு தம்பி. இல்ல, வேற யாரோ பாத்திருக்காங்க. அந்தத் தடத்தைச் சுத்தி மரத்தைச் சுரண்டி எடுத்திருக்கு. சரியா நெருக்குன இடத்துல மட்டும். ஆசாரி உளி இப்படிப் போகாது, இது பேனாக்கத்தி. கத்தி வாயில ஒரு இடம் உடஞ்சிருக்கும்போல, ஒவ்வொரு சீவலுக்கும் நடுவுல வரப்பு மாதிரி ஒரு கோடு நிக்குது."

இசக்கிச்செல்வி அந்தக் கோட்டைப் பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பென்சில் ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு இருந்தது. அப்பாதான் சீவித் தருவார், பித்தளைப் பிடி போட்ட கத்தியால். அதன் வாய் சில்லுப்போனது, அவர் அதை மாற்றவேயில்லை. வெள்ளரிக்காய் நறுக்கித் தந்தால் அதிலும் அந்தக் கோடு இருக்கும், செந்தூர்பாண்டி அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பான்.

இப்போது அவனும் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"எப்போ சுரண்டினது பாய்?" என்று கேட்டாள். "வெடிச்ச பெறவா, முன்னாலயா? குறை இருக்குன்னு தெரிஞ்சு அரைகுறையாச் சுரண்டி வச்சுட்டு, அதைத்தான் மாமா கையில குடுத்தாரா?"

"அதை மரம் சொல்லாதும்மா."

தாஜ் முகம்மது வேலைப் பேச்சுக்கு வந்தார். பாவம், அவருக்கும் பேச்சை எங்காவது திருப்ப வேண்டியிருந்தது. முறிந்த வால்நட்டின் விரிசலில் இருக்கிற எண்ணெயை இழுத்தெடுத்து, நடுவில் ஒரு கம்பி கொடுத்து ஒட்டிவிடலாம். அசல் துப்பாக்கி என்று தலை நிமிர்ந்து சொல்லலாம், ஆனால் பன்றிக்காவலுக்குத் தினம் தூக்க முடியாது, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புது வால்நட்டில் கட்டை செய்யலாம், உழைக்கும், பார்க்கவும் அழகு, ஆனால் அசல் என்ற பேச்சு போய்விடும். இல்லையா, இந்தப் பூவரசையே காயவைத்து உள்ளே சுத்தமாகச் செதுக்கி அடைத்துக் கொடுத்துவிடலாம்.

"செதுக்கினா இந்தத் தடம்?" என்றாள் இசக்கிச்செல்வி.

"போயிரும்மா. கத்திக்கோடும் போயிரும்."

"அசலையே ஒட்டுங்க பாய்" என்றான் செந்தூர்பாண்டி. "இந்தப் பூவரசைத் தூக்கி அடுப்புல போடுங்க."

"போடாதீங்க" என்றாள் அக்கா. "இரும்பு இங்கனயே இருக்கட்டும். கட்டையை நான் கொண்டு போறேன். எதை மாட்டுறதுன்னு ரெண்டு நாள்ல சொல்லுதோம்."

---

ஜங்ஷன் டீக்கடையில் இரண்டு பேருக்கும் டீ ஆறிப்போயிற்று.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்றான் செந்தூர்பாண்டி. "செத்த மனுஷனை எதுக்குக்கா இப்போ தோண்டி எடுக்க? திவசம் வருது. அவரைச் சாமி மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்கா அம்மா. அதையும் பறிக்கணுமா?"

"மாமா உசுரோட இருக்காருல்லாலே. அவருக்கு யாரு பதில் சொல்ல?"

"தோட்டாவை எடுக்காம வீட்டுக்குள்ள கொண்டாந்தது மாமா தப்புதான?"

"தப்புதான். அதை அவரு இல்லைன்னே சொல்லலையே. விசையைத் தொடலன்னுதான் சொன்னாரு. நாம தொட்டேன்னு சொல்லிட்டோம்."

அவன் குனிந்து தன் இடது செருப்பைப் பார்த்தான். விரல் இல்லாத இடத்தில் துணி திணித்துத் தைத்த செருப்பு. அதுவும் அப்பா கண்டுபிடித்த உபாயம்தான்.

"மழைக்கால ராத்திரி எல்லாம் எண்ணெய் காய்ச்சித் தடவுவாருக்கா. நான் தூங்குற வரைக்கும் தடவுவாரு. கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளை பெத்த பெறவும் விட மாட்டேன்னுட்டாரு. என் மேல உசுருன்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினான். "வேற கணக்குக்குத் தடவியிருக்காரு."

"உசுரும்தான்லே" என்றாள் இசக்கிச்செல்வி. "ரெண்டும்தான். உசுரு இல்லாதவனுக்கு இந்தக் கணக்கே வராது."

"போலீஸ்ல என் தப்புதான்னு எழுதிக் குடுத்தாரே, அது நெசம்தானாக்கா?"

"நெசம்தான். அதைத்தான் நாம எல்லாரும் பொய்னு நெனச்சுக் கும்பிட்டோம்."

திரும்பி வரும் பஸ்ஸில் சேரன்மாதேவி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. செந்தூர்பாண்டி ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். சாக்கு இப்போது அவள் மடியில் இருந்தது. அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கல்லிடைக்குறிச்சி வரைக்கும் யோசித்தாள், ஒரு வார்த்தைகூடச் சரியாக வரவில்லை.

---

இசக்கியம்மா நடையில் நின்றிருந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம்தான், வழக்கம்போல.

"நனைஞ்சிட்டீங்களே ரெண்டு பேரும்! தலையத் தொவட்டுங்க. ஏலே, அசல்தானா அது? என்ன சொன்னாரு பாய்?"

"அசல்தாம்மா" என்றான் செந்தூர்பாண்டி. அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். இசக்கிச்செல்வி சாக்கை மூலையில் சாய்த்துவைத்தாள். இன்றைக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று அவளுக்கும் மனசு தளர்ந்துவிட்டது.

அம்மா உள்ளே போய் வந்தாள். கையில் எண்ணெய்க் கரண்டி, லேசாக ஆவி பறந்தது. அப்பா போனபிறகு அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"காலை நீட்டு. மழை விழுந்தாச்சு, ராத்திரி குத்தும். உங்கப்பா இருந்தா இந்நேரம் ரெண்டு தரம் தடவியிருப்பாரு. புண்ணியவான்."

செந்தூர்பாண்டி காலை நீட்டவில்லை. எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்மா" என்றான். "மாமா தொடல."

"என்னலே?"

"மாமா விசையைத் தொடலம்மா. துப்பாக்கி தானா வெடிச்சது."

சொல்லாதே சொல்லாதே என்று டீக்கடையில் கெஞ்சியவன் அவன்தான். இப்போது நிறுத்தாமல் எல்லாவற்றையும் அவனே சொன்னான். கட்டையை எடுத்துத் தகட்டைத் தள்ளி ஆவணி என்ற எழுத்தைக் காட்டினான். ஊதிய மரத்தைச் சொன்னான். குழிக்குள் போன் வெளிச்சத்தை அடித்துக் கத்திக்கோட்டைக் காட்டினான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கத்திக்கோடு தெரியும். அதில் விரலை வைத்தாள்.

கோபப்படுவாள், நம்பமாட்டேன் என்பாள் என்று இசக்கிச்செல்வி காத்திருந்தாள். அம்மா எண்ணெய்க் கரண்டியைத் தரையில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அவன் என் காலைப் பிடிச்சானேட்டி" என்றாள் மகளிடம். "உதறினேன். காலைக் கட்டிக்கிட்டு அழுதவனை உதறினேன். கோடி கொண்டாந்தவன் மூஞ்சியக்கூடப் பாக்கல." கொஞ்சம் பொறுத்து, "அந்த மனுஷன் பக்கத்துலயே நின்னாருல்லா. நான் உதறும்போது பக்கத்துலதான நின்னாரு!" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இசக்கிச்செல்விக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அவன் நம்பரு ஒங்கிட்ட இருக்குல்லா?"

"இருக்கும்மா." யாருக்கும் தெரியாமல் 'ஆழ்வை பலசரக்கு' என்று பெயர் போட்டு வைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்தேயிருக்கிறது.

"போடு."

செந்தூர்பாண்டி போனை வாங்கி அவனே போட்டான். ஒலி எல்லோருக்கும் கேட்க வைத்தான். நாலு தரம் மணி அடித்தபிறகு எடுத்தார்கள்.

"யாரு?"

"மாமா, நான் செந்தூரு."

அந்தப் பக்கம் தராசுத் தட்டு ஒன்று கல்லில் படுகிற சத்தம் கேட்டது. கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தான்.

"கால் எப்படிலே இருக்கு?" என்றார் மாமா. "மழை பெய்யுதே. வலிக்கா?"

நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை அப்படியே நடையில் உட்கார்ந்து அழுதான். போன் அம்மா கைக்கு வந்தது. அவள் அதை வாய்க்கு நேராக, கண்ணாடியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"தாணு."

"அக்கா!"

"அந்தக் கோடிச் சேலை இருக்கா? யாருக்கும் குடுத்துட்டியா?"

"இருக்குக்கா. யாருக்குக் குடுக்க அதை? அத்தான் கேட்டுக்கிட்டதுக்காகத்தான் கொண்டாந்தேன். நீ வாங்கலன்னதும் பெட்டியில வச்சுட்டேன்."

"அத்தான் கேட்டாரா? எப்போ கேட்டாரு?"

"போன வருஷம் ஆவணியில. இங்கன வந்தாரே. மூச்சு வாங்குது, பிடிச்சுப் பிடிச்சு நடக்காரு. நான் போயிட்டா எங்க வீட்டுப்படி ஏறி நீதான் கோடி போடணும்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு... ஒங்கிட்ட சொல்லலையாக்கா?"

கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அப்பா ஒரு நாள் தனியாகக் கிளம்பிப் போனது இசக்கிச்செல்விக்கு ஞாபகம் வந்தது. இருட்டித்தான் வீடு திரும்பினார்.

செந்தூர்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டு போன் அருகில் நகர்ந்தான். "மாமா, கட்டையைப் பத்தி ஒங்ககிட்ட சொன்னாரா? கோளாறு இருக்குன்னு அவருக்கு எப்போ தெரியும்? வெடிக்க முன்னாலயே தெரியுமா, பெறவா?"

அந்தப் பக்கம் மாமா தராசைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அதைப் போன்ல கேக்காதலே" என்றார்.

"கேக்க மாட்டான்" என்றாள் இசக்கியம்மா. "நீ வந்து கூப்பிட வேண்டாம், நானா வாரேன். நாளைக்கு முதல் பஸ்ஸு. ஒரு நேரம் சோறு வடிச்சு வை. சேலையை எடுத்து வை."

போனை மகளிடம் கொடுத்தாள். நகர்ந்து வந்து மகனின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். கரண்டியைத் தொட்டுப் பார்த்தாள், எண்ணெய் ஆறியிருந்தது. ஆறினதையே உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். இரண்டு விரல் இல்லாத இடத்தில் தொடங்கி, மடங்காத கணுக்கால் வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள்.

"எட்டி, அந்தப் பந்தல்காரன்கிட்ட ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு" என்றாள் தலை நிமிராமல். "என் தம்பி வாயால அதைக் கேட்டுட்டு வாரேன். பெறவு சொல்லுதேன், உங்கப்பாவுக்குத் திவசம் உண்டா இல்லையான்னு."